துளியிலிருந்து பின்னோக்கி

குற்றம் நடந்த இடத்தில் கிடைக்கும் இரத்தத்தைப் பற்றித் தடய அறிவியல் இரண்டு வேறு கேள்விகளை எழுப்புகிறது. அது யாருடைய இரத்தம் என்பது ஒன்று. அதற்கு ஆய்வகம் விடை தருகிறது, இன்று பெரும்பாலும் மரபணுச் சோதனை வழியாக. அந்த இரத்தம் அவ்விடத்துக்கு எப்படி வந்து சேர்ந்தது என்பது மற்றொன்று. சுவரிலும் தரையிலும் துணியிலும் படிந்த கறைகளின் அளவு, உருவம், விளிம்பு, அவை பரவியிருக்கும் ஒழுங்கு ஆகியவற்றைப் பார்த்து, அடி எங்கே விழுந்தது, அடித்தவர் எப்பக்கம் நின்றார், உடல் பிறகு நகர்த்தப்பட்டதா என்பன போன்றவற்றை உய்த்துணர முயலும் துறைக்கு இரத்தக்கறை வடிவப் பகுப்பாய்வு என்று பெயர். இத்துறையின் கீழ்த்தளம் இயற்பியலாலும் மேல்தளம் பெரும்பாலும் மனித ஊகத்தாலும் கட்டப்பட்டது. கீழ்த்தளத்துக்கு உரிய மதிப்பை மேல்தளத்துக்கும் நீதிமன்றங்கள் நெடுங்காலம் சேர்த்தே வழங்கிவந்தன என்பதுதான் இதன் வரலாற்றில் கவனிக்க வேண்டிய செய்தி.

கீழ்த்தளத்திலிருந்து தொடங்குவதே முறை. இரத்தம் நீரைவிடச் சற்றே அடர்த்தி மிகுந்தது. ஒரு மில்லிலிட்டர் ஏறத்தாழ 1.06 கிராம் இருக்கும். அதன் பாகுநிலை, அதாவது ஓட்டத்தை எதிர்க்கும் தன்மை, வேகமாக ஓடும்போது நீரைப் போல் மூன்று நான்கு மடங்கு. மெதுவாக ஓடும்போதோ சிவப்பணுக்கள் நாணயங்களைப் போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொள்வதால் அந்தத் தடிப்பு மேலும் கூடுகிறது. மேற்பரப்பைத் தோல் போல இழுத்துப் பிடிக்கும் பரப்பு இழுவிசை இரத்தத்தில் நீரைவிடக் குறைவுதான் என்றாலும், காற்றில் செல்லும் சிறு துளியை உருண்டையாக வைத்திருக்க அது போதும். படங்களில் வரைவதுபோல வால் நீண்ட கண்ணீர்த்துளி உருவத்தில் எந்தத் துளியும் விழுவதில்லை. விரல் நுனியிலிருந்து சொட்டும் துளி ஏறக்குறைய 0.05 மில்லிலிட்டர் கொள்ளும் என்பது பாடநூல் கணக்கு. அத்தகைய துளி வேகம் கூடிக்கொண்டே விழுந்து, காற்றின் தடை புவியீர்ப்புக்குச் சமமாகும் நிலையில், நொடிக்கு ஏறத்தாழ 7.6 மீட்டர் என்ற முற்றுத்திசைவேகத்தை எட்டிவிடும். விழும் உயரம் கூடக்கூடக் கறையின் விட்டமும் கூடும் என்பது உண்மைதான். ஆனால் ஓர் எல்லைக்கு மேல் கூடாது. துளியின் தொடக்கப் பருமன் தெரியாதபோது, கறையின் அகலத்தை மட்டும் கொண்டு அது விழுந்த உயரத்தைச் சொல்லவும் முடியாது. சிறு துளி உயரத்திலிருந்து விழுந்தாலும் பெருந்துளி தாழ்விலிருந்து விழுந்தாலும் வட்டம் ஒன்றாகவே அமையக்கூடும்.

உயரத்தைவிட, துளி விழும் பரப்பே கறையின் விளிம்பைத் தீர்மானிக்கிறது. கண்ணாடியிலும் மெருகேற்றிய ஓட்டிலும் விளிம்பு ஒழுங்கான வட்டமாக நிற்கும். சிமெண்டுத் தரையிலும் சீவாத மரப்பலகையிலும் துளி உடைந்து முள்முள்ளாகக் கிளைத்து, சுற்றிலும் சிறுதுளிகளை உதறிவிடும். ஒரே வீட்டில் கூடத்திலும் கொல்லையிலும் கிடக்கும் கறைகள் வெவ்வேறாகத் தோன்றுவதற்கு நிகழ்வின் வேறுபாடு அல்லாமல் தரையின் வேறுபாடே காரணமாக இருக்கலாம். ஆகவே கவனமுள்ள ஆய்வாளர், அதே பரப்பின் மாதிரியில் சோதித்துப் பார்க்காமல் கருத்துச் சொல்வதில்லை.

இத்துறையில் உறுதியான கணக்கு என்று சொல்லத்தக்கது மோதுகோணம். பரப்பின் மீது செங்குத்தாக விழும் துளி வட்டக் கறையையும், சாய்ந்து வரும் துளி நீள்வட்டக் கறையையும் உண்டாக்குகின்றன. சாய்வு மிகமிக நீட்சியும் மிகும். கறையின் அகலத்தை அதன் நீளத்தால் வகுத்தால் கிடைக்கும் எண், துளி வந்த பாதைக்கும் பரப்புக்கும் இடைப்பட்ட கோணத்தின் சைன் மதிப்பு. பள்ளிக் கணக்கில் வரும் அதே சைன்தான். அகலம் 6 மில்லிமீட்டர், நீளம் 12 மில்லிமீட்டர் என்றால் வகுத்து வருவது 0.5; கோணம் 30 பாகை. இந்த எளிமையில் ஒரு வழுக்கலும் உண்டு. 10 மில்லிமீட்டர் நீளமுள்ள கறையின் அகலத்தை 3 என்பதற்குப் பதிலாக 3.3 என்று அளந்துவிட்டால் கோணம் இரண்டு பாகைக்கும் குறைவாகவே பிசகும், அதே 0.3 மில்லிமீட்டர் பிழை 9.5-க்கும் 9.8-க்கும் இடையே நேர்ந்தால் 72 பாகை 78 பாகையைத் தாண்டிவிடும். வட்டத்தை நெருங்கும் கறைகள் கணக்குக்கு ஒத்துழைப்பதில்லை என்பதாலேயே நீட்சி தெளிவாக உள்ள கறைகளைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறார்கள். எந்தக் கறையைத் தேர்வது என்ற முடிவிலேயே ஆய்வாளரின் கை நுழைந்துவிடுகிறது என்பதையும் இங்கே குறித்துக்கொள்ளலாம்.

கறையின் வால் துளி சென்ற திசையைக் காட்டுகிறது. ஒரே அடியில் தெறித்த பல கறைகளின் நீளவாட்டில் பின்னோக்கிக் கோடு இழுத்தால் அவை ஏறத்தாழ ஓரிடத்தில் வெட்டிக்கொள்ளும். அதைக் குவியும் பரப்பு என்பர். ஒவ்வொரு கறையிலிருந்தும் அதன் மோதுகோணத்தில் நூல் கட்டி அறைக்குள் இழுத்தால், நூல்கள் கூடும் வெளியே இரத்தம் புறப்பட்ட பகுதி. முன்பு உண்மையாகவே நூல் கட்டினார்கள். இன்று லேசர் அலகீட்டுக் கருவியும் கணினியும் அவ்வேலையைச் செய்கின்றன. நூலானாலும் கணினியானாலும் துளி நேர்கோட்டில் வந்ததாகக் கொள்ளும் வரை பிழை ஒன்று உள்ளேயே இருக்கும். எறிந்த கல்லைப் போலத் துளியும் வளைகோட்டில்தான் செல்கிறது. அதன் கடைசித் திசையை மட்டும் பிடித்துக்கொண்டு பின்னோக்கிச் சென்றால், புறப்பட்ட இடம் இருந்ததைவிட உயரமாகவே தோன்றும். ஆகவே தரையில் எந்த இடத்துக்கு நேர் மேலே என்பதை ஓரளவு நம்பலாம். எவ்வளவு உயரத்தில் என்பதற்கு ‘இதற்கு மேல் இல்லை’ என்ற விடையே கிடைக்கும். தாக்கப்பட்டவர் நின்றிருந்தாரா, உட்கார்ந்திருந்தாரா, விழுந்து கிடந்தாரா என்பதே வழக்கின் உயிரான கேள்வியாக இருக்கும்போது இது சிறிய குறை அன்று. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிறிஸ்டபர் வார்னி, ஃப்ரெட் கிட்டஸ் என்ற இயற்பியலாளர்கள் 2011-இல் இவ்வளைவையும் கணக்கில் கொண்டு உயரத்தைக் கண்டறியும் வழி ஒன்றை வெளியிட்டனர். துளிகள் ஏறத்தாழ ஒரே சாய்வில் புறப்பட்டிருந்தால் மட்டுமே அது பலிக்கும். இல்லையேல் விடை கிடைக்காது என்பதையும் அம்முறையே காட்டிக்கொடுத்துவிடும். தன் எல்லையைத் தானே அறிவிக்கும் முறை என்பது தடய அறிவியலில் அரிதான நற்குணம்.

தனித்துளியைத் தாண்டிக் கூட்டமாகக் கறைகளைப் பார்க்கும்போது வகைப்பாடு வருகிறது. புவியீர்ப்பால் மட்டும் சொட்டியும் வழிந்தும் தேங்கியும் உண்டானவை ஒரு வகை. இரத்தம் தோய்ந்த கையோ காலோ கருவியோ வேறொன்றில் பட்டு ஒற்றியவை இன்னொரு வகை. விசையால் சிதறியவை மூன்றாவது வகை. இந்த மூன்றாவதில்தான் வழக்குகள் சிக்கிக்கொள்கின்றன. ஈரக் கையை உதறினால் நீர் வரிசையாகத் தெறிப்பது போல, இரத்தம் தோய்ந்த கருவியை ஓங்கும்போது சுவரிலும் கூரையிலும் வரிசையாக விழுவது வீச்சுக்கறை. முதல் அடி விழும்போது கருவியில் இரத்தம் இராது என்பதால், வீச்சு வரிசைகளின் எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டினால் அடிகளின் குறைந்தபட்ச எண்ணிக்கை கிடைக்கும் என்பது பாடம். தமனி அறுபடும்போது இதயத் துடிப்புக்கு ஏற்ப ஏறி இறங்கும் பீச்சல், மூக்கிலும் வாயிலும் உள்ள இரத்தத்தை மூச்சுக்காற்று ஊதித் தள்ளும் நுண்தெறிப்பு, துப்பாக்கிக் குண்டு நுழைந்த வாயிலிருந்து சுட்டவரை நோக்கித் திரும்பிவரும் பின்தெறிப்பு ஆகியவையும் இவ்வகையின் உறுப்புகளே.

கறை இல்லாத இடமும் சான்றாகும். மாட்டியிருந்த படத்தை அகற்றாமலே சுவருக்கு வெள்ளையடித்துவிட்டுப் பிறகு படத்தை எடுத்தால் பழைய நிறம் சதுரமாகத் தெரிவது போல, தெறிப்புக்கு நடுவே தென்படும் வெற்றிடம் அங்கே ஏதோ ஒரு பொருளோ ஓர் ஆளோ இருந்து பின்னர் அகன்றதைச் சொல்லும். நேரத்தைப் பற்றியும் கறை சிறிது பேசும். தரையில் வைத்த காபித் தம்ளரின் அடி வட்டமாகக் காய்வது போலத் துளியும் விளிம்பிலிருந்துதான் காயத் தொடங்குகிறது. விளிம்பு காய்ந்த பின் நடுவில் துடைத்தால் வளையம் மட்டும் எஞ்சும், துடைத்தது சற்றுப் பிந்தி நடந்தது என்று அறியலாம். எத்தனை மணி நேரம் கழித்து என்பது வேறு. ஹீமோகுளோபின் மெல்ல மாறிச் சிவப்பு பழுப்பாகிறது என்றாலும், வெப்பமும் ஈரப்பதமும் அந்த வேகத்தை மாற்றிவிடுவதால் நிறத்தைக் கொண்டு கறைக்கு வயது சொல்வது இன்னும் கைகூடவில்லை.

இத்தகைய ஆய்வு முறையாகத் தொடங்கியது போலந்தின் கிராகோவ் நகரில். அங்கிருந்த சட்ட மருத்துவ நிறுவனத்தைச் சேர்ந்த எட்வர்ட் பியோட்ரோவ்ஸ்கி, தலையில் அடிபடும்போது இரத்தம் தெறிக்கும் விதத்தை ஆராய்ந்து 1895-இல் ஜெர்மன் மொழியில் நூல் வெளியிட்டார். காகிதத்தால் மறைத்த மூலையில் உயிருள்ள முயல்களைக் கருவிகளால் அடித்து அவர் கண்டவற்றை இன்றைய வாசகர் முகம் சுளிக்காமல் படிக்க முடியாது. ஆயினும் நிகழ்வைத் தானே உண்டாக்கி, அதன் கறையைப் பதிவுசெய்து, பிறகு முடிவு சொல்வது என்ற ஒழுங்கு அவரிடம் இருந்தது. பாரிஸில் விக்தோர் பல்தஸாரும் அவருடைய உடன்பணியாளர்களும் 1939-இல் நீள அகல விகிதத்துக்கும் மோதுகோணத்துக்கும் உள்ள தொடர்பை விளக்கினர்.

இத்துறையை அமெரிக்க நீதிமன்றத்துக்குள் கொண்டுவந்தவர் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் பணியாற்றிய உயிர்வேதியியலாளர் பால் கிர்க். ஒகையோ மாநிலத்தில் 1954 ஜூலை 4 அன்று மாரிலின் ஷெப்பர்ட் கொல்லப்பட்ட வழக்கில் அவருடைய கணவரான மருத்துவர் சாம் ஷெப்பர்ட் அவ்வாண்டு டிசம்பரிலேயே குற்றவாளி என்று தீர்ப்பாயிற்று. தீர்ப்புக்குப் பிறகு அந்தப் படுக்கையறையை ஆராய்ந்த கிர்க், தெறிப்புகளுக்கு இடையே இருந்த வெற்றிடத்தைக் கொண்டு கொலையாளி நின்ற இடத்தைக் குறித்து, வீச்சுக்கறைகளைக் கொண்டு அவர் இடக்கையால் அடித்தார் என்றும், ஷெப்பர்ட் வலக்கைப் பழக்கமுடையவர் என்றும் 1955-இல் பிரமாணப் பத்திரம் அளித்தார். மாநில நீதிமன்றங்கள் அதை ஏற்று மறுவிசாரணை தரவில்லை. பத்திரிகைகள் கிளப்பிய ஆரவாரத்தால் விசாரணை நேர்மையாக நடக்கவில்லை என்ற வேறொரு காரணத்தால் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1966-இல் தண்டனையைத் தள்ளியது. அவ்வாண்டே நடந்த மறுவிசாரணையில் கிர்க் சாட்சியளித்தார், ஷெப்பர்ட் விடுதலையானார். பிற்காலத்தில் பெரும்பாலும் அரசுத் தரப்பின் கருவியாகிவிட்ட இத்துறை, அந்நாட்டில் பெயர்பெற்றது எதிர்த்தரப்பின் கையில் என்பது கவனிக்கத்தக்கது.

கிர்க் போட்ட விதையைத் தோப்பாக்கியவர் நியூயார்க் மாநிலத்தின் கார்னிங் நகரைச் சேர்ந்த வேதியியலாளர் ஹெர்பர்ட் மக்டோனெல். அமெரிக்க நீதித்துறையின் நிதியுதவியில் மனித இரத்தத்தின் பறப்பையும் கறைகளையும் பற்றி அவர் எழுதிய அறிக்கை 1971-இல் வெளிவந்தது. தம் வீட்டின் நிலத்தடி அறையில் ஆய்வகம் நடத்திய அவர், ஒரு வாரப் பயிற்சி வகுப்புகளின் வழியாக நூற்றுக்கணக்கான காவலர்களுக்கும் ஆய்வாளர்களுக்கும் இதைக் கற்பித்தார். கற்றவர்களில் சிலர் தாமே வகுப்பு நடத்தத் தொடங்கினர். 1983-இல் பன்னாட்டுச் சங்கமும் உருவாயிற்று. நாற்பது மணி நேரப் பயிற்சி பெற்ற காவலர் ஒருவர் நீதிமன்றத்தில் நிபுணராக நிற்கும் நிலை இப்படித்தான் வந்தது. நீதிபதிகளும் பெரிதாகத் தடுக்கவில்லை. அயோவா மாநில உச்ச நீதிமன்றம் 1980-இல் ஒரு வழக்கில், இத்தகைய கவனிப்புகள் பெரும்பாலும் பொது அறிவைச் சார்ந்தவையே என்ற தொனியில் மக்டோனெலின் சாட்சியத்தை ஏற்றது. பொது அறிவுதான் என்றால் நிபுணர் எதற்கு என்ற கேள்வியை யாரும் அப்போது உரக்கக் கேட்டதாகத் தெரியவில்லை. ஒரு நீதிமன்றம் ஏற்றதையே காரணமாகக் காட்டி அடுத்த நீதிமன்றம் ஏற்பதுதான் வழக்குச் சட்டத்தின் இயல்பு. சோதனைச்சாலையில் நிறுவப்படாத ஒன்று, மேற்கோள்களின் வரிசையில் நின்றே நிறுவப்பட்டதாகிவிட்டது.

மேல்தளத்தின் அடிப்படைச் சிக்கல் இதுதான்: காரணத்திலிருந்து கறைக்குச் செல்லும் பாதை ஒன்று, கறையிலிருந்து காரணத்துக்குத் திரும்பும் பாதைகள் பல. இங்கிலாந்தின் ஹேஸ்டிங்ஸ் நகரில் 1997 பிப்ரவரியில் 13 வயதுச் சிறுமி ஒருத்தி, கூடாரம் அடிக்கும் இரும்பு முளையால் தலையில் தாக்கப்பட்டு இறந்த வழக்கு இதை வேறெதையும்விடத் தெளிவாகக் காட்டுகிறது. சிறுமியின் வளர்ப்புத் தந்தையும் பள்ளியொன்றின் துணைத் தலைமையாசிரியருமான சயன் ஜென்கின்ஸின் உடைகளில் கண்ணுக்கு எளிதில் புலப்படாத 158 இரத்தப் புள்ளிகள் இருந்தன. அடிக்கும்போது தெறித்தவை அவை என்றது அரசுத் தரப்பு. விழுந்து கிடந்தவளைத் தூக்கிப் பார்த்தபோது நுரையீரலில் அடைபட்டிருந்த காற்று வெளிப்பட்டு மூக்கிலிருந்த இரத்தத்தை நுண்துளிகளாக ஊதியது என்றது எதிர்த்தரப்பு. இரு தரப்பிலும் தேர்ந்த அறிவியலாளர்கள் இருந்தனர். இரு தரப்பும் சோதனை செய்து காட்டின. புள்ளியின் அளவைக் கொண்டு இரண்டையும் பிரிக்க இயலாது, ஏனெனில் மூச்சு ஊதிய துளியும் அடியில் சிதறிய துளியும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகவே இருக்கக்கூடும். காற்றுக்குமிழியின் தடமோ உமிழ்நீரின் கலப்போ இருந்தால் மூச்சென்று சொல்லலாம். இல்லாவிட்டால் மூச்சில்லை என்று சொல்ல முடியாது. ஜென்கின்ஸ் 1998-இல் தண்டிக்கப்பட்டார். 2004-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தண்டனையை நீக்கியது. அதன்பின் நடந்த இரண்டு மறுவிசாரணைகளிலும் ஜூரிகள் ஒருமித்த முடிவுக்கு வராததால் 2006 பிப்ரவரியில் விடுவிக்கப்பட்டார். 158 புள்ளிகளைப் பற்றிய கேள்விக்கு அந்த ஆண்டுகளில் எந்த அரங்கிலும் இறுதி விடை கிடைக்கவில்லை.

குழப்புபவை மூச்சும் அடியும் மட்டும் அல்ல. இரத்தத்தில் மொய்த்த ஈக்கள் உண்டதைக் கக்கியும் கழித்தும் வைக்கும் புள்ளிகள் நுண்தெறிப்பைப் போலவே தோன்றும், அதுவும் இரத்தமே சிந்தாத பக்கத்து அறையில். துப்பாக்கிச் சூட்டிலோ குழல்வாயிலிருந்து பீறிடும் வாயு, பின்தெறிப்புத் துளிகளை வழிமறித்துத் திசைதிருப்புகிறது. சில துளிகள் முற்றிலும் எதிர்ப்புறம் திரும்பவும் கூடும் என்று அலெக்சாண்டர் யாரினும் அவருடைய குழுவினரும் 2021-இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினர். அப்படியானால், மிக அருகிலிருந்து சுட்டவரின் சட்டையில் கறையே இல்லாமல் போகவும் வாய்ப்புண்டு. துணி இன்னொரு தொல்லை. சுவரில் நிற்கும் துளி துணியில் நிற்பதில்லை; நூலிழை வழியே ஊறி, நெசவின் போக்கில் இழுபட்டு, தெறிப்பும் ஒற்றலும் பிரித்தறிய முடியாதபடி ஒன்றாகிவிடுகின்றன. அமெரிக்காவின் இண்டியானாவில் கொலைக் குற்றம் சாட்டப்பட்ட டேவிட் காம் என்ற முன்னாள் காவலரின் பனியன்மேல் இருந்த எட்டுச் சிறு புள்ளிகள் தெறிப்பா, இறந்தவரின் தலைமுடி உரசிய ஒற்றலா என்பதைச் சுற்றியே மூன்று விசாரணைகள் சுழன்றன. இரண்டில் தண்டனை, 2013-இல் முடிந்த மூன்றாவதில் விடுதலை.

கறை இரத்தம்தானா என்பதில் கூட அவசரம் கேடாக முடிந்ததுண்டு. ஹீமோகுளோபின் முன்னிலையில் இருட்டில் நீலமாய் ஒளிரும் லூமினால் 1937 முதல் தடயவியலில் பயன்படுகிறது. கழுவித் துடைத்த தரையிலும் அது இரத்தத்தின் சுவட்டைக் காட்டிவிடும். ஆனால் சலவைத்தூளில் உள்ள வெளுப்பானுக்கும் செம்புக்கும் அது ஒளிரும். ஆகவே இதை முதற்கட்டச் சோதனை என்றே கொள்ள வேண்டும். ஆஸ்திரேலியாவின் உலுரு பாறையருகே 1980-இல் காணாமற்போன கைக்குழந்தையின் வழக்கில், தாய் லிண்டி சேம்பர்லைனின் காரில் கண்ட தெறிப்பைக் குழந்தையின் இரத்தம் என்று நிபுணர்கள் சாதித்தனர்; 1982-இல் அவருக்கு ஆயுள் தண்டனையும் விதிக்கப்பட்டது. அது வண்டி தயாரிக்கும்போது இரைச்சலை அடக்கப் பூசப்பட்ட கலவையின் தெறிப்பு என்று பின்னர் வெளிப்பட்டது. 1988-இல் தீர்ப்பு நீக்கப்பட்டது.

இவ்வளவுக்கும் பிறகுதான் பிழையை எண்ணால் அளக்கும் முயற்சி வந்தது. அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் 2009-ஆம் ஆண்டு அறிக்கை, இத்துறையின் நிச்சயமின்மை மிகப் பெரிது என்றும், ஆய்வாளர்களின் கருத்துகள் அறிவியலைவிடத் தன்நோக்கையே மிகுதியும் சார்ந்தவை என்றும் கூறியது. 2016-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், கடினப் பரப்பில் உண்டாக்கிய கறைகளை அனுபவமுள்ள ஆய்வாளர்கள் 13 விழுக்காடும், துணியில் உண்டாக்கியவற்றை 23 விழுக்காடும் தவறாக வகைப்படுத்தினர். வழக்கைப் பற்றி முன்கூட்டிச் சொல்லப்பட்ட செய்தி அவர்களின் முடிவைத் தன் பக்கம் சாய்த்ததும் தெரிந்தது. 2021-இல் 75 ஆய்வாளர்களிடம் 192 கறை வடிவங்களைக் கொடுத்துச் சோதித்தபோது, காரணம் முன்பே தெரிந்த மாதிரிகளில் அவர்கள் அளித்த விடைகளில் 11.2 விழுக்காடு தவறாக இருந்தன. ஒருவர் செய்த அதே தவற்றை மற்றொருவரும் செய்த நிகழ்வுகளும் இருந்ததால், இரண்டாவது நிபுணர் ஒப்புக்கொண்டார் என்பது தனிப்பெரும் காப்பு ஆகாது. பத்தில் ஒன்றுக்கு மேல் என்பது சிறியதா பெரியதா என்பது யாருடைய வழக்கு என்பதைப் பொறுத்தது.

இந்தியாவிலும் இக்கேள்வி இனி அடிக்கடி எழும். 1849-இல் மதராஸில் வேதிப் பரிசோதகரின் ஆய்வகம் அமைந்ததிலிருந்து தடய ஆய்வு இந்நாட்டில் பெரும்பாலும் பொருள்கள் ஆய்வகத்துக்கு வந்து சேர்ந்த பிறகு நடப்பதாகவே இருந்துவந்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, ஏழாண்டும் அதற்கு மேலும் தண்டனைக்குரிய குற்றங்களில் தடயவியல் வல்லுநர் நிகழ்விடத்துக்கே சென்று சான்றுகளைத் திரட்ட வேண்டும், அதைக் காணொளியாகவும் பதிய வேண்டும் என்கிறது. இதை நடைமுறைப்படுத்த மாநிலங்களுக்கு ஐந்தாண்டு வரை அவகாசம் உண்டு. கறைகள் கழுவப்படுவதற்கு முன் அளவுகோல் வைத்துப் படமெடுக்கப்படுவது நல்லதே. அப்படத்தைப் பார்த்துச் சொல்லப்படும் கருத்து ‘இக்கறை அடியில் தெறித்தது’ என்று எழுதப்படுகிறதா, ‘இக்கறை அடித்தெறிப்புக்கும் மூச்சுத்தெறிப்புக்கும் ஒத்துப்போகிறது’ என்று எழுதப்படுகிறதா என்பதில்தான் இனிப் பார்க்க வேண்டியது உள்ளது. இரண்டாவது வாக்கியத்தை வழக்கறிஞர்கள் விரும்புவதில்லை.

முதல் வகை வாக்கியம் எவ்வளவு தூரம் செல்லக்கூடும் என்பதற்கு டெக்சாஸின் கிளிஃப்டன் ஊரில் 1985 அக்டோபரில் நடந்த கொலையைச் சொல்ல வேண்டும். ஆசிரியை மிக்கி பிரையன் தம் வீட்டில் சுட்டுக் கொல்லப்பட்ட நேரத்தில், அவருடைய கணவரும் உயர்நிலைப் பள்ளி முதல்வருமான ஜோ பிரையன் தொலைவிலுள்ள ஆஸ்டின் நகரில் மாநாட்டுக்குச் சென்றிருந்தார். அவருடைய கார் டிக்கியில் கிடைத்த டார்ச் விளக்கின் கண்ணாடியில் இருந்த சிறு புள்ளிகள் பின்தெறிப்பு என்று, நாற்பது மணி நேரப் பயிற்சி பெற்ற காவலர் ஒருவர் சாட்சி சொன்னார். காருக்குள் வேறெங்கும் இரத்தமில்லையே என்ற கேள்விக்கும், கொலையாளி உடையும் காலணியும் மாற்றிக்கொண்டிருப்பார் என்று அவரிடம் விடை இருந்தது. பிரையன் 1986-இலும் மறுவிசாரணையில் 1989-இலும் தண்டிக்கப்பட்டார். 2018-இல் டெக்சாஸ் தடய அறிவியல் ஆணையம் அந்தச் சாட்சியம் துல்லியமற்றது, அறிவியல் ஆதாரமற்றது என்று கண்டறிந்தது. சாட்சி சொன்னவரும் தம் முடிவுகளில் தவறு இருந்ததை எழுத்தில் ஒப்புக்கொண்டார். ஆயினும் அம்மாநிலத்தின் உயர் குற்றவியல் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2020 ஜனவரியில் பிரையனுக்கு மறுவிசாரணை தர மறுத்தது. அவ்வாண்டு மார்ச்சில், முப்பது ஆண்டுகளுக்கு மேல் சிறையிலிருந்த பிரையன், 79 வயதில், தீர்ப்பு நீங்காமலே பரோலில் வெளியே வந்தார்.